ஒரு ஸ்லைடு, ஒரு சொட்டு சலைன்

ஐதராபாத்தின் அமீர்பேட்டில், மைத்ரிவனம் சந்திப்பைச் சுற்றியுள்ள தெருக்களில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களின் பலகைகளுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுபவை பெண்கள் விடுதிகளின் பலகைகள். ஜாவாவோ பைத்தானோ படித்து முடித்து, வேலை கிடைத்த பிறகுதான் ஊர் திரும்புவது என்று வந்திருக்கும் இளம்பெண்கள் ஓர் அறைக்கு மூன்று, நான்கு பேராகத் தங்கியிருக்கிறார்கள். அதே தெருக்களில் மருந்துக் கடைகளும் ரத்தப் பரிசோதனை நிலையங்களும் உண்டு. இத்தகைய நிலையங்கள் எல்லா ஊரிலும் விற்கும் ‘பெண்கள் நலப் பேக்கேஜ்’ ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் இருக்கும், தைராய்டு இருக்கும், சர்க்கரையும் வைட்டமின் டி-யும் இருக்கும். கூடுதலாகப் பணம் கட்டினால் பேப் ஸ்மியரும் சேரும். ஆனால் பெண்கள் மருத்துவரிடம் அன்றாடம் சொல்லப்படும் புகார்களில் முன்வரிசையில் நிற்பது வெள்ளைப்படுதல். அதற்கு என்ன காரணம் என்று சொல்லக்கூடிய சோதனை அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை.

மருத்துவரிடம் நேரில் போய் உள்பரிசோதனை செய்துகொண்டு வந்த பெண்ணுக்கும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. “எல்லாம் பாத்துட்டாங்கம்மா, ஒண்ணும் இல்லையாம்” என்று வீட்டுக்குப் போனில் சொல்கிறாள். எதையெல்லாம் பார்த்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கண்ணால் பார்ப்பது ஒன்று. கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்து எடுப்பது வேறொன்று. கையால் தொட்டுக் கருப்பையின் அளவையும் வலி உள்ள இடத்தையும் அறிவது இன்னொன்று. இந்த மூன்றும் முடிந்த பிறகும், தொற்று இருக்கிறதா, இருந்தால் எது என்ற கேள்வி அப்படியே நிற்கலாம். அதற்குப் பதில் தேட நான்காவதாக ஒரு வேலை செய்ய வேண்டும். சில நிமிடங்கள் ஆகும். நிறம் மாறும் தாள் ஒரு துண்டு, கண்ணாடி ஸ்லைடு ஒன்று, இரண்டு சொட்டுத் திரவம், சாதாரண மைக்ராஸ்கோப் இருந்தால் போதும். இவ்வளவு மலிவான ஒரு வேலை நம் மருத்துவமனைகளில் இவ்வளவு எளிதாக விட்டுப்போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

யோனியின் இயல்பிலிருந்து தொடங்குவோம். வயதுக்கு வந்த பெண்ணின் யோனிச் சுவரில் உள்ள செல்கள், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைச் சேமித்து வைக்கின்றன. செல்கள் உதிரும்போது அது அங்கே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அதனால் அங்கே பி.எச். அளவு 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் நிற்கிறது. நன்கு உறைந்த தயிரின் புளிப்பும் ஏறக்குறைய இதே அளவுதான். நோய்க் கிருமிகள் பல இந்தப் புளிப்பில் தலையெடுக்க முடியாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற மருத்துவர் இந்தப் பாக்டீரியாக்களை 1892-ல் விவரித்து எழுதினார். தயிரில் உள்ளவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும், இனம் வேறு. தயிர் சாப்பிட்டாலோ தடவினாலோ யோனியில் இருக்க வேண்டிய இனங்கள் அங்கே வந்து குடியேறிவிடாது. தடவுவதால் எரிச்சல்தான் மிச்சம்.

இயல்பான சுரப்பு எல்லாப் பெண்களுக்கும் உண்டு. மாதச் சுழற்சியின் நடுவில் முட்டை வெண்கருபோல் தெளிவாக, இழுபடும்; மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் வெள்ளையாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். கர்ப்பத்தில் அளவு கூடும். அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, துர்நாற்றம் இல்லை என்றால் அதற்கு மருந்தே வேண்டாம். உடம்பின் சத்து அத்தனையும் வெள்ளையாக வெளியேறுகிறது என்று நம்பி, தன் களைப்புக்கும் இடுப்பு வலிக்கும் அதையே காரணமாக்கி வருந்தும் பெண்கள் ஆந்திரத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு முதலில் தேவை மாத்திரையைவிட, “இது இயல்புதாம்மா” என்று சோதித்துப் பார்த்தபின் சொல்லும் ஒரு மருத்துவர்.

அந்தச் சோதனையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். மருத்துவர் பஞ்சு சுற்றிய குச்சியை, அதாவது ஸ்வாபை, யோனியின் பக்கச் சுவரில் உருட்டி எடுக்கிறார். கருப்பை வாய்ச் சளி காரத்தன்மை கொண்டது என்பதால் அங்கே தொட்டால் பி.எச். அளவு தப்பாகிவிடும். மாதவிடாய் ரத்தமும் விந்துவும் அப்படித்தான். குச்சியைத் தாளில் ஒற்றுகிறார். நிறம் 4.5-க்கு உள்ளே நின்றால் ஒரு கணக்கு, தாண்டினால் வேறு கணக்கு. பிறகு அதே குச்சியின் ஈரத்தை ஸ்லைடில் இரண்டு இடத்தில் வைக்கிறார். ஒன்றில் ஒரு சொட்டு சலைன். மற்றதில் 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. இந்த இரண்டாவது சொட்டு விழுந்ததும் மீன் வாடை குப்பென்று கிளம்பினால், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய அமீன்கள் ஆவியாகின்றன என்று பொருள்.

சலைன் சொட்டின்மேல் மெல்லிய கண்ணாடி மூடியை வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், யோனிச் சுவரின் தட்டையான செல்கள் மெல்லிய காகிதக் கிழிசல்கள்போல மிதக்கின்றன. விளிம்பு கூர்மையாக, நடுவில் சிறு புள்ளியாக உட்கரு. ஆரோக்கியமான ஸ்லைடில் அவற்றுக்கிடையே நீண்ட குச்சிகளாக லாக்டோபேசில்லஸ். ஸ்லைடு தேடும் மூன்று நோய்களில் முதலாவது, பாக்டீரியாக்களின் சமநிலை குலையும் பாக்டீரியல் வஜைனோசிஸ். அது உள்ள ஸ்லைடிலோ அந்தக் குச்சிகள் காணாமல் போயிருக்கும். செல்லின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய பாக்டீரியாக்கள் அப்பிக்கொண்டு விளிம்பே மங்கிப்போயிருக்கும். க்ளூ செல் என்று இதற்குப் பெயர். ஹூஸ்டனில் ஹெர்மன் கார்ட்னரும் சார்லஸ் டியூக்ஸும் 1955-ல் இந்நோயைப் பற்றி எழுதிய பிறகே இது தனி நோயாக அறியப்பட்டது. அதில் முக்கியப் பங்கு வகிக்கும் கார்ட்னெரெல்லா பாக்டீரியா, கார்ட்னரின் பெயரையே தாங்கியிருக்கிறது. 1983-ல் ரிச்சர்ட் ஆம்செல் குழுவினர் நான்கு அடையாளங்களை வகுத்தார்கள்: நீர்த்த, சீரான சுரப்பு; 4.5-ஐத் தாண்டிய பி.எச்.; மீன் வாடை; ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் க்ளூ செல்கள். நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இரண்டாவதான கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்றில் பி.எச். பெரும்பாலும் மாறுவதில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு மற்ற செல்களைக் கரைத்துவிட, மொட்டு விட்ட ஈஸ்ட்டும் கிளைபிரிந்த இழைகளும் மட்டும் எஞ்சி நிற்கும். அரிப்பு, தயிர்த் திப்பிபோன்ற சுரப்பு, சிவந்த தோல் ஆகியவை இதன் அடையாளங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும், வேறு நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் இது அதிகம் வரும். மூன்றாவது டிரைக்கோமோனாஸ். பாரிஸில் அல்ஃப்ரெட் டோனே 1836-லேயே மைக்ராஸ்கோப்பில் கண்டது. வெள்ளணு அளவில், பேரிக்காய் வடிவில், சவுக்குபோன்ற இழைகளை வீசி வெட்டி வெட்டி நகரும் ஓரணு உயிரி. அசைவதைப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும். ஸ்லைடு ஆறினால் அசைவு நிற்கும், பிறகு வெள்ளணுக் கூட்டத்தில் அது கலந்துவிடும். எடுத்த ஸ்வாபை ஆய்வகத்துக்கு அனுப்பி, அங்கே மாலையில் பார்த்தால் டிரைக்கோமோனாஸ் தப்பிப்பது இதனால்தான். உடனே பார்த்தாலும் மைக்ராஸ்கோப் ஏறக்குறைய பாதியளவே கண்டுபிடிக்கும். மரபணுச் சோதனை இதில் வெகுவாக மேல், ஆனால் விலை அதிகம்.

ஸ்லைடின் வரம்பை நான் மறைக்கவில்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூன்று நோய்களுக்கும் மருந்து வேறு வேறு. பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் பாக்டீரியல் வஜைனோசிஸைத் தொடாது. பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் பூஞ்சையைக் கிளப்பியும் விடலாம். தானே நோயைக் கணித்துக் கடையில் பூஞ்சை மருந்து வாங்கிய 95 அமெரிக்கப் பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2002-ல் வந்தது. உண்மையில் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். தன் உடம்பைத் தினமும் அறிந்தவளுக்கே இவ்வளவு தவறும் என்றால், கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் கடைக்காரருக்கு எவ்வளவு தவறும்?

பேப் ஸ்மியரைப் பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அது கருப்பை வாய்ச் செல்களில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உண்டா என்று பார்க்கும் சோதனை. அறிக்கையின் ஓர் ஓரத்தில் ‘கேண்டிடாவை ஒத்த பூஞ்சை’, ‘டிரைக்கோமோனாஸ்’, ‘வஜைனோசிஸைக் காட்டும் மாற்றம்’ என்று எப்போதாவது எழுதியிருக்கும். தற்செயலாகக் கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுதவில்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. எழுதியிருந்தாலும் தொந்தரவு எதுவும் இல்லாத பெண் உடனே பூஞ்சை மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை எந்தத் தொந்தரவும் இல்லாமலே கேண்டிடாவைச் சுமக்கிறார்கள். அந்தப் புற்றுநோய்ச் சோதனையே நம் நாட்டில் எத்தனை பேரை எட்டியிருக்கிறது? 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8. உள்பரிசோதனை மேசைக்கே வராதவர்களின் தேசம் இது.

அந்த உண்மையை முதன்முதலில் உலகத்தின் முகத்துக்கு நேரே காட்டியவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் பணிபுரிந்த மருத்துவத் தம்பதி, ராணி பாங், அபய் பாங். பெண்கள் மருத்துவரான ராணி பாங், இரண்டு கிராமங்களில் 650 பெண்களை வீடு வீடாக அழைத்து, உள்பரிசோதனையும் ஆய்வகச் சோதனையும் செய்தார். 1989 ஜனவரியில் லான்செட் இதழ் முடிவுகளை வெளியிட்டது. 92 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு பெண்நோய் அல்லது பால்வினை நோய் இருந்தது; சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய்கள். அவற்றில் பாதி தொற்றுகள். தொந்தரவு என்று சொன்னவர்கள் 55 விழுக்காட்டினர் மட்டுமே. அதற்குமுன் வாழ்க்கையில் ஒருமுறையாவது உள்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினர். கிராமத்துப் பெண்ணின் ஆரோக்கியம் என்றாலே குடும்பக் கட்டுப்பாடும் பிரசவமும் மட்டும்தான் என்றிருந்த அரசுத் திட்டங்கள், அதன்பிறகு மெல்ல மெல்ல அசைந்தன.

தமிழ்நாட்டுக் கதையை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக மருத்துவத் துறையினர் எழுதினார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் 16 முதல் 22 வயதுவரை உள்ள, மணமான 451 பெண்களைச் சோதித்த ஆய்வு 2005-ல் வெளியானது. 53 விழுக்காட்டினர் தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். 38 விழுக்காட்டினரிடம் ஆய்வகம் தொற்றை உறுதிசெய்தது. தொந்தரவு இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சைக்கே போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டபோது கிடைத்த பதில்களை நான் பலமுறை திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை. மறைவான இடம் இல்லை. தூரம். செலவு. கடைசியாக, இதெல்லாம் பெண்களுக்கு இருப்பதுதானே என்ற எண்ணம். கருத்தரிக்கும் வயதின் தொடக்கத்தில் நிற்கும் ஒரு பெண், வலியையும் நாற்றத்தையும் பெண்ணாய்ப் பிறந்ததன் பங்காக ஏற்றுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வு இந்தப் படத்தில் இன்னொரு கோணத்தைச் சேர்த்தது. கிட்டத்தட்ட 2,500 பெண்களைச் சோதித்தார்கள், 14.5 விழுக்காட்டினர் வெள்ளைப்படுதலைப் புகாராகச் சொன்னார்கள். ஆனால் அந்தப் புகாருக்கும் தொற்றுக்கும் இருந்த தொடர்பைவிட, புகாருக்கும் மனச்சோர்வு, உடல் அசதி, வீட்டில் படும் துன்பம் ஆகியவற்றுக்கும் இருந்த தொடர்பு வலுவாக இருந்தது. சோதனையில் பாக்டீரியல் வஜைனோசிஸ் 17.8 விழுக்காடு, கேண்டிடா 8.5 விழுக்காடு, பால்வினைத் தொற்றுகள் எல்லாம் சேர்ந்து 4.2 விழுக்காடு.

கட்சிரோலியையும் கோவாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். தொற்று உள்ள பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்பவர்களில் பலருக்குத் தொற்று இல்லை. ஆக, வாயால் சொன்ன புகாரை மட்டும் வைத்து மருந்து எழுதினால் இரண்டு பக்கமும் தவறும்.

ஆனால் 1990-களிலிருந்து நாம் செய்துவருவது அதைத்தான். ஆய்வகம் இல்லாத ஏழை நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு முறையைப் பரிந்துரைத்தது: அறிகுறியைப் பார், அதை உண்டாக்கக்கூடிய எல்லாக் கிருமிகளுக்கும் சேர்த்து அன்றே மருந்து கொடு. இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்காக நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களை உருவாக்கி, சுரக்ஷா கிளினிக்குகள் வழியாக இலவசமாகக் கொடுக்கிறது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சைப் பொட்டலம்: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். ஆணின் சிறுநீர்க் குழாயில் சீழ் வந்தாலோ, பிறப்புறுப்பில் புண் வந்தாலோ இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது, எச்.ஐ.வி. பரவிய காலத்தில் பல உயிர்களைக் காத்த திட்டம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வெள்ளைப்படுதலில் அதன் துல்லியம் மோசம் என்று ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவந்தன. 2021-ல் உலக சுகாதார நிறுவனமே தன் வழிகாட்டுதலைத் திருத்தி, அன்றே முடிவு தரும் தரமான சோதனை இருந்தால் அதன்படி சிகிச்சை கொடுங்கள், இல்லாத இடத்தில் ஸ்பெகுலம் வைத்தாவது பாருங்கள் என்று எழுதியது.

தனியார் பக்கம் நிலைமை இன்னும் மோசம். “அண்ணா, வெள்ளைப்படுது, மாத்திரை இருக்கா?” என்று தயங்கிக் கேட்கும் பெண்ணிடம் கடைக்காரர் நீட்டுவது நான்கு மாத்திரை கொண்ட ஒரே பட்டை: ஃப்ளூகோனசோல் ஒன்று, அசித்ரோமைசின் ஒன்று, செக்னிடசோல் இரண்டு. மூன்று வகை நோய்க்கும் ஒரே வேளையில் குண்டு. அவளுக்கு இருந்தது இயல்பான சுரப்பாக இருந்தால், நல்ல பாக்டீரியாக்கள் அடிவாங்கி, இல்லாத நோய் வரவும் வாய்ப்புண்டு. கருவுற்றிருந்தால் ஃப்ளூகோனசோல் வாயால் சாப்பிடக் கூடாத மருந்து. அதைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்களா?

அப்படியானால் உள்பரிசோதனைக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்லைடு போட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் அறிவியல் நம்மை நிறுத்துகிறது. 2001–04-ல் அமெரிக்கா முழுதும் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் 29 விழுக்காட்டுப் பெண்களிடம் பாக்டீரியல் வஜைனோசிஸ் இருந்தது. அவர்களில் 84 விழுக்காட்டினருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. 2011-ல் ஜாக் ராவெல் குழுவினர் 396 ஆரோக்கியமான பெண்களின் யோனிப் பாக்டீரியாக்களை மரபணு வழியாக ஆராய்ந்து ஐந்து வகைக் கூட்டங்களைக் கண்டார்கள். நான்கில் ஏதேனும் ஒரு லாக்டோபேசில்லஸ் இனம் ஆட்சி செய்தது. ஐந்தாவதில் அவை குறைவு, ஆனாலும் அந்தப் பெண்கள் நலமாகவே இருந்தார்கள்.

இதைவிடப் பெரிய சான்று கர்ப்பிணிகளிடமிருந்து வந்தது. பாக்டீரியல் வஜைனோசிஸ் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ அபாயம் கூடுதல் என்பது பழைய செய்தி. அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் குறைப்பிரசவம் குறைய வேண்டும் அல்லவா? பிரான்ஸில் 84,530 கர்ப்பிணிகளை 14 வாரத்துக்குள் சோதித்து, நோய் இருந்த, குறைப்பிரசவ ஆபத்து குறைந்த பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கிளிண்டமைசினும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: வித்தியாசம் இல்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2020-ல், ஆபத்து அதிகமில்லாத, தொந்தரவில்லாத கர்ப்பிணிகளை இந்நோய்க்காகச் சோதிக்க வேண்டாம் என்றே சொன்னது. கண்டுபிடிப்பதால் நோயாளிக்கு நன்மை வந்தால்தான் அந்தச் சோதனைக்கு மதிப்பு. தொந்தரவில்லாத கேண்டிடாவுக்கும் இதே நியாயம்.

தொந்தரவே இல்லாவிட்டாலும் தேடிப்போய்ப் பிடிக்க வேண்டியவை வேறு இரண்டு: கிளமிடியாவும் கொனோரியாவும். பெண்களிடம் இவை பெரும்பாலும் சத்தமில்லாமல் கருப்பை வாயில் தங்கி, மேலேறிக் கருக்குழாயை அழற்சிக்குள்ளாக்கி, பிற்காலத்தில் குழந்தையின்மையாகவும் குழாய்க் கர்ப்பமாகவும் வெளிப்படும். ஸ்லைடில் இவை தெரியாது. மரபணுச் சோதனைதான் வழி. அமெரிக்காவில் 25 வயதுக்குட்பட்ட, உடலுறவு வாழ்க்கை உள்ள எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் இதைச் செய்யச் சொல்கிறார்கள். கோவா ஆய்வு காட்டியதுபோல் பால்வினைத் தொற்று குறைவாக உள்ள சமூகத்தில் அந்த விதியை அப்படியே எடுத்து ஒட்டுவது பணவிரயம் என்பது என் கருத்து. புதிய துணை, துணைக்கு வேறு உறவுகள், துணைக்குச் சீழ் அல்லது புண், அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் ரத்தக்கசிவு என்ற நிலைகளில் மட்டும் கேட்டுச் செய்துகொள்ளலாம். எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்வாப் அவற்றைச் சொல்லாது.

இந்த இடத்தில் அமீர்பேட் விடுதிப் பெண்ணுக்கு ஒரு தடை இருக்கிறது. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சா?” இல்லை என்றால் பல இடங்களில் பரிசோதனை அத்தோடு நின்று, மாத்திரைச் சீட்டு மட்டும் கைக்கு வருகிறது. உடலுறவு உண்டா என்று நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, கல்யாணத்தைக் கேட்கிறார்கள். பூஞ்சையும் பாக்டீரியா சமநிலைக் குலைவும் மணமாகாதவர்களுக்கும் வரும். உண்மையில் ஸ்பெகுலம் வைக்காமலே மெல்லிய ஸ்வாபால் சுரப்பை எடுக்க முடியும், பி.எச்., ஸ்லைடு ஆகியவற்றுக்கு அது போதும். அவளே மறைவில் எடுத்துத் தரலாம். கிளமிடியா மரபணுச் சோதனைக்கும் தானே எடுத்த மாதிரி ஏற்புடையதுதான். ஐதராபாத்தை ஒட்டிய மேட்சல் வட்டாரக் கிராமங்களில், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தேட, பெண்களே எடுத்த யோனி மாதிரி பொருத்தமானதா என்று ஆராய்ந்து 2009-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கிராமத்துப் பெண்களால் முடிந்தது, கோடிங் படிக்கும் பெண்ணால் முடியாதா?

அரசுப் பக்கம் ஒரு கதவு திறந்ததையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 8 அன்று தெலங்கானா அரசு ‘ஆரோக்ய மகிளா’ என்ற திட்டத்தைக் கரீம்நகரில் தொடங்கியது. செவ்வாய்க்கிழமைதோறும் குறிப்பிட்ட சுகாதார நிலையங்களில் பெண்களுக்காக மட்டும் ஒதுக்கிய நேரம். புற்றுநோய்ச் சோதனை, மாதவிடாய்ப் பிரச்சினை, சிறுநீர்த் தொற்று, பால்வினைத் தொற்று என்று எட்டு வகைச் சேவைகள். வேலூர்ப் பெண்கள் சொன்ன காரணங்களில் பெண்களுக்கென்று தனி இடம், செலவு ஆகிய இரண்டுக்காவது இதில் விடை இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் மைக்ராஸ்கோப்பும் அதைப் பார்க்கத் தெரிந்த டெக்னீஷியனும் அதே கட்டடத்தில், அதே நேரத்தில் இருந்தால் முழுமையாகும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசநோய்க்கும் மலேரியாவுக்கும் மைக்ராஸ்கோப் ஏற்கெனவே உண்டு. யோனி ஸ்லைடுக்கு அது திரும்பவில்லை என்றால் பழக்கக் குறைவுதான் காரணம்.

சோதனைக்குப் போகும் பெண் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. மாதவிடாய் நாள்களைத் தவிர்க்கலாம். முந்தைய இரண்டு நாள் உறவு வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். உள்ளே சோப்போ டெட்டாலோ ‘இன்டிமேட் வாஷோ’ ஊற்றிக் கழுவுவது சோதனையைக் கெடுப்பதோடு நோயையும் வரவழைக்கும். வெளிப்பக்கத்துக்குத் தண்ணீரே போதும். மருத்துவரிடம், “பி.எச். பாத்தீங்களா டாக்டர்? ஸ்லைடு பாத்தீங்களா? என்ன தெரிஞ்சுது?” என்று மூன்று கேள்வி கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம். அடுத்த முறை திரும்ப வந்தால் அந்த ஒற்றை வரி மருத்துவருக்கே உதவும்.

ஏனென்றால் இது திரும்ப வரும் நோய். பாக்டீரியல் வஜைனோசிஸுக்கு மெட்ரோனிடசோல் சாப்பிட்டுக் குணமானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் வந்ததாக மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2006-லேயே காட்டினார்கள். அதே ஊர்க்காரர்கள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. ஒரே துணையோடு வாழும் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். மறு பிரிவில் ஆணுக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆணுறுப்பில் தடவக் கிளிண்டமைசின் கிரீமும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் நோய் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 63 விழுக்காடு, இரண்டாவதில் 35 விழுக்காடு. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அதுவரை இது பெண்ணின் உடம்புக்குள் மட்டும் நடக்கும் சமாச்சாரம் என்றுதான் பாடப் புத்தகங்களில் இருந்தது. டிரைக்கோமோனாஸ் விஷயத்திலோ சந்தேகத்துக்கே இடமில்லை: கணவனுக்குப் பெரும்பாலும் அறிகுறி இருக்காது, ஆனால் கிருமி இருக்கலாம். ஸ்லைடில் அது தெரிந்தால் மருந்துச் சீட்டில் இரண்டு பெயர்கள் எழுதப்பட வேண்டும், இருவரும் முடிக்கும்வரை உறவைத் தள்ளிப்போட வேண்டும், மூன்று மாதத்துக்குள் அவள் மறுபடி வந்து ஸ்வாப் கொடுக்க வேண்டும். மனைவியைப் பரிசோதனை அறைக்கு அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் கணவரை உள்ளே கூப்பிட்டு இதைச் சொல்வதும் அந்த மருத்துவரின் வேலையில் சேர்ந்ததுதான்.